கவின்கலைக் கல்லூரியில் வசந்த பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, மட்பாண்டம் படிக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். கல்வியாண்டின் கடைசிப் பருவம் நெருங்கினால் இதே கேள்விகள்தான் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. மாணவராக இருந்தபோது நானும் கேட்டவை, பிறகு பட்டறையில் மாணவர்களோடு நின்று பதில் சொன்னவை, இரண்டும் இதில் இருக்கின்றன.

வசந்தத்தில் மட்டும் அப்படி என்ன நடக்கிறது?

செப்டம்பரில் தொடங்கி மே, ஜூனில் முடியும் கல்வியாண்டு உள்ள இடங்களில் வசந்தம்தான் கடைசிப் பருவம். இறுதியாண்டு மாணவர்களின் பட்டக் கண்காட்சி, திறந்த ஸ்டுடியோ நாட்கள், போர்ட்ஃபோலியோ மதிப்பீடு, அச்சுப் பட விற்பனை, வெளியே போய் வரையும் முகாம் எல்லாம் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பூமியின் தென்பாதியில் வசந்தம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அங்கே பல நாடுகளில் கல்வியாண்டும் அதையொட்டித்தான் முடிகிறது, ஆகவே நெருக்கடி ஒன்றுதான்.

கைவேலையைப் போன பருவங்களிலேயே ஓரளவு கற்றிருப்பீர்கள். ஒரு வேலையை எங்கே நிறுத்துவது, நிறுத்தியதை மற்றவர் முன் எப்படி வைப்பது என்ற இரண்டையும் இந்தப் பருவம்தான் சொல்லித்தரும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வருகின்றன.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

கண்காட்சி நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் அவசரத்துக்கு எந்தப் பொருளும் வளைந்து கொடுக்காது.

ஆயில் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சு கையில் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும், தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கில் ஆகும். நிறத்துக்கு நிறம் வேறுபாடும் உண்டு. அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக்கும் காட்மியம் நிறங்களும் இழுத்தடிக்கும். கடைசி வாரத்தில் பின்னணியைக் கறுப்பாக்கலாம் என்று தோன்றினால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஈரக் கான்வாஸை நான்கு பேர் தூக்கிப் போகும்போது யாராவது ஒருவர் சட்டையில் உங்கள் பின்னணி போய்விடும். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும்.

மட்பாண்டக்காரர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் தொடங்க வேண்டும். செய்த பாத்திரம் உள்ளேவரை உலர வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது நீராவியாகிப் பாத்திரத்தை வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பவர் பாத்திரத்தையும் சேர்த்து. முதல் சூடு ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ். மெருகு (சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) பூசியபின் இரண்டாம் சூடு, அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணென்றால் 1200 முதல் 1300 டிகிரி வரை போகும். அப்புறம் ஆறவிட வேண்டும். களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி அருகே சட்டென்று அளவு மாறும், அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் விரிசல் விழலாம். சூளைக் கதவைச் சீக்கிரம் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மேல், கடைசி மாதத்தில் சூளைக்கு வரிசை நிற்கும்.

அச்சுப் படம் எடுப்பவர்களுக்குத் தாள் ஊறவும் மை காயவும் நேரம் வேண்டும். ஒரே தகட்டிலிருந்து இருபது பிரதிகள் ஒரே தரத்தில் எடுப்பது ஒரு மாலையில் முடிகிற காரியம் இல்லை.

ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரே விதி கிடையாது. ஆனால் சில சோதனைகள் உதவும். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூன்று நாள் வேறு வேலை பாருங்கள். பிறகு படத்தை மறுபடி உங்கள் பக்கம் திருப்பிய அந்த முதல் நொடியில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் பிரச்சினையோ பலமோ இருக்கிறது. கண்ணாடியில் பாருங்கள். இடம் வலம் மாறும்போது சாய்ந்த தோளும் கோணலான மேசையும் உடனே தெரிந்துவிடும். போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சமும் நிழலும் இன்னும் பிரியவில்லை.

இன்னொன்று. தூரிகையை எடுக்கும் முன் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். “இந்தக் கையின் நிழல் குளிர்ச்சியாக வேண்டும்” என்று சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். “இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணணும்” என்றுதான் வருகிறதென்றால் கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மாணவர் படங்களில் பாதியில் விட்டுக் கெட்டவை குறைவு, விடாமல் தடவித் தடவிச் சேறானவை நிறைய. பயத்தில் போடும் கடைசி ஒரு மணி நேரப் பூச்சுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

‘கிரிட்’ என்று எல்லோரும் பயப்படுகிறார்களே, அதில் என்ன நடக்கும்?

வேலையைச் சுவரில் மாட்டி, வகுப்பும் ஆசிரியரும் சுற்றி நின்று பேசும் விமர்சன அமர்வு அது. ஒவ்வொருவருக்கும் பதினைந்து இருபது நிமிடம் கிடைக்கும். பல வகுப்புகளில் வரைந்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு. நீங்கள் விளக்கம் சொல்லிவிட்டால் எல்லோரும் அந்த விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஓர் உதாரணம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண், பெரிய சார்கோல் படம். வரைந்தவர் முகத்துக்காக வாரக்கணக்கில் உழைத்திருக்கிறார். கன்னத்தில் ரப்பரால் எடுத்த வெளிச்சம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அமர்வில் யாரும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் நாற்காலியின் இடது காலைக் காட்டுகிறார். அது தாளின் கீழ் விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விளிம்புக்கு உள்ளேயும் இல்லை, அதைத் தாண்டி வெட்டுப்படவும் இல்லை. கண் அங்கே போய் மாட்டிக்கொள்கிறது, முகத்துக்குத் திரும்ப முடியவில்லை. வரைந்தவருக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்க்கிறார், அவருக்கும் தெரிகிறது. அடியில் இரண்டு விரல் அகலம் தாளை மடித்துப் பிடித்ததும் கால் வெட்டுப்பட்டு உருவம் முன்னால் வருகிறது, முகமும் வருகிறது. தனியாக இருந்திருந்தால் அவர் இன்னும் ஒரு வாரம் கன்னத்தையே தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “பிடிச்சிருக்கு”, “பிடிக்கல” என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த இடத்தைப் பார்த்தீர்கள், அங்கே என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள். வரைந்தவர் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அல்லது நண்பரை எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் காதில் பாதிதான் விழும். அழுகை வந்தால் வரட்டும். நல்ல ஆசிரியர் அமர்வை ஐந்து நிமிடம் நிறுத்துவார். வேலையை விட்டுவிட்டு ஆளைத் தாக்கிப் பேசினால், பேசுகிறவர் யாராக இருந்தாலும், அதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. துறைத்தலைவரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிராகச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் எந்த இடத்தைச் சுட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே இடமென்றால் அங்கே ஏதோ சரியில்லை என்பது உறுதி, தீர்வு மட்டும்தான் வேறு. ஒரு சின்னத் தாளில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

வசந்தத்தில் வெளியே போய் வரையச் சொல்கிறார்கள். போட்டோ பார்த்து வரைந்தால் ஆகாதா?

ஆகும், ஆனால் கற்றுக்கொள்வது வேறு. கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும். வெயிலில் நின்று பார்த்தால் அந்த நிழலுக்குள் நீலமும் ஊதாவும் தெரியும்.

வெளியே வரைவது எளிதானதில் ஒரு சின்னப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் மடக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பெயின்டைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். குத்தியபின் சரியாக மூட முடியாது. மூடி போட்ட ட்யூப் வந்தபின் பையில் போட்டுக்கொண்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போக முடிந்தது. வெளியே நின்று மாறும் வெளிச்சத்தை வரைந்த 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களான இம்ப்ரெஷனிஸ்டுகளின் வேலைமுறையே அதை நம்பித்தான் இருந்தது.

சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் நிழல் வேறு பக்கம் போய்விடும். தொடங்கியதும் நிழல்களின் வடிவத்தைக் குறித்துவிடுங்கள், பிறகு அவற்றைத் துரத்தாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே படத்தில் இருக்க வேண்டாம். மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள்.

தளிர்ப் பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வசந்தத்தில் எல்லோரும் சறுக்குவது அங்கேதான். ட்யூபில் வரும் பச்சையில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்புத்தனமான ஒரு நிறம்தான் வரும், தளிர் வராது. எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி நீலத்தைக் கத்தி நுனியளவு மட்டும் சேருங்கள். ஓர் இலையை நன்றாகப் பாருங்கள். வெயில் பின்னாலிருந்து ஊடுருவி வரும் இலை கிட்டத்தட்ட மஞ்சள். அதே கிளையில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் இலை நீலம் பாய்ந்த சாம்பல் பச்சை. உள்ளே நிழலில் இருப்பதற்குப் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறம் துளி சேர்த்தால் பச்சை அடங்கும். கலந்த நிறத்தைக் கத்தியில் எடுத்து இலைக்கு நேரே பிடித்து ஒப்பிடுங்கள். அனேகமாக உங்கள் கலவை அதைவிடப் பச்சையாக இருக்கும்.

ஆடையில்லாத மாடலைப் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் வகுப்பில் எப்படி நடந்துகொள்வது? கூச்சமாக இருக்கிறது.

முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் கூச்சம்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வேகமாக நிலை மாறத் தொடங்கியதும் அது போய்விடும், நேரம் இருக்காது. மாடலைப் போனில் படமெடுக்கக் கூடாது, தொடக் கூடாது, உடம்பைப் பற்றிக் கருத்து சொல்லக் கூடாது. நிலையை மாற்ற வேண்டுமென்றால் ஆசிரியர் வழியாகக் கேளுங்கள். நீண்ட நிலைக்கு நடுவே இடைவேளை வரும். மாடலின் பாதங்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருப்பார்கள், அதை மிதித்துக் கலைத்துவிடாதீர்கள்.

இந்த வகுப்பில் பெண்கள் உட்கார்வதற்கே பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. 1768இல் தொடங்கிய லண்டன் ராயல் அகாடமியின் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனால் மாணவிகளுக்கு மாடலைப் பார்த்து வரையும் அனுமதி 1893இல்தான் கிடைத்தது, அதுவும் துணி சுற்றிய மாடல். பாரிஸின் எக்கோல் தே போசார் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல். மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை விலக்கியதற்காகத் ஓவிய ஆசிரியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1886இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா அகாடமியை விட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் இன்று கிடைக்கும் இடத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவெல்லாம் ஸ்டுடியோவில் இருந்து முடிக்கலாமா?

வரைவதென்றால் சரி, உங்கள் உடம்பு உங்கள் பொறுப்பு. ஆனால் ரம்பம், வெல்டிங், அமிலத் தொட்டி பக்கம் தூக்கக் கலக்கத்தோடு போகவே கூடாது, தனியாகவும் போகக் கூடாது.

இரவில் மறந்துபோகிற சில விஷயங்கள் உயிருக்கே ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரிக்கும் அச்சுமுறை) பட்டறையில் எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போனால் தங்கிவிடும். அதனால் மட்பாண்டப் பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். டர்பன்டைன் திறந்திருந்தால் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

கொண்டாட்டம் எதுவும் உண்டா, வேலை மட்டும்தானா?

கொண்டாட்டத்தையும் வேலையாகவே செய்வது இந்தக் கல்லூரிகளின் பழைய வழக்கம். 1919இல் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் காகித விளக்கு விழா, பட்டம் விடும் விழா என்று ஆண்டு முழுக்க ஏதாவது நடக்கும். விளக்கையும் பட்டத்தையும் மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே வடிவமைத்துச் செய்தார்கள். பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு மாறியபின் 1929 பிப்ரவரியில் ஓர் உலோக விழா நடத்தினார்கள். வருகிறவர்கள் தகரமோ ஜிகினாவோ உடுத்தி வர வேண்டும், சறுக்குமரத்தில் சறுக்கித்தான் அரங்குக்குள் நுழைய வேண்டும்.

உங்கள் கல்லூரியில் வசந்த விழா என்று ஒன்று இருந்தால் அலங்காரக் குழுவில் சேருங்கள். சிற்பத் துறையும் அச்சுத் துறையும் சேர்ந்து ஒரு பெரிய தலையைக் காகிதக் கூழில் செய்யும்போது மற்றத் துறைக்காரர்களின் கைநேர்த்தியைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வகுப்பில் அதற்கு வாய்ப்பு வராது.

திறந்த ஸ்டுடியோ நாளில் தெரியாதவர்கள் வந்து கேள்வி கேட்டால் என்ன சொல்வது?

என்ன பொருளால், எப்படிச் செய்தேன் என்பதிலிருந்து தொடங்குங்கள். அதைச் சொல்லும்போதே மற்றது வந்துவிடும். “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அவர் நிறுத்திக் கேட்டிருக்கிறார், அதுவே பெரிது. குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள். தொடக் கூடாததை எட்டாத உயரத்தில் வையுங்கள், தொடலாம் என்று ஒரு மாதிரித் துண்டையும் வையுங்கள்.

என் நிறுவல் படைப்பு (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துச் செய்வது) கண்காட்சிக்கு முந்தின நாள் சரிந்துவிட்டால்?

முதலில் போட்டோ எடுங்கள், பிறகு ஏன் சரிந்தது என்று பாருங்கள். 1948 கோடையில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரியில் ஜன்னல் மறைப்புப் பட்டைகளை வைத்து மாணவர்களோடு ஒரு பெரிய குவிமாடம் கட்டப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் அது எழும்பாமல் தரையிலேயே கிடந்தது. மறு ஆண்டு அதே இடத்துக்கு வேறு பொருளோடு வந்தார், குவிமாடம் நின்றது. சரிந்ததை மறைக்காமல், காரணத்தோடு ஆசிரியர்முன் வைக்கும் மாணவருக்கு மதிப்பெண் குறைவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்வையாளர் தலைமேல் விழக்கூடிய எதையும் மட்டும் சந்தேகத்தோடு தொங்கவிடாதீர்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்குக் காத்திராமல் நாங்களே ஒன்று நடத்தலாமா?

தாராளமாக. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புகழ்பெற்ற கலைஞரான டேமியன் ஹெர்ஸ்ட் 1988இல் துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் ‘ஃப்ரீஸ்’ என்ற கண்காட்சியை நடத்தினார். பங்கேற்ற 16 பேரில் பெரும்பாலோர் அவருடைய கல்லூரிக்காரர்கள். அழகாக அச்சிட்ட கையேடு, விமர்சகர்களுக்கு அழைப்பு என்று எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மின்சாரத்தையும் வெளியேறும் வழியையும் பாருங்கள், யார் எந்த நாள் காவலிருப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். நட்பு முறிவது பெரும்பாலும் அந்தக் காவல் விஷயத்தில்தான்.

படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். வெவ்வேறு அளவுப் படங்கள் வரிசையாக வந்தால் மேல் விளிம்பைப் பார்க்காமல் நடுவைச் சேருங்கள்.

அச்சுப் படங்களில் 3/20 என்று எழுதுகிறார்களே?

மொத்தம் 20 பிரதிகள், அதில் இது மூன்றாவது. பென்சிலால், படத்துக்குக் கீழே இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையெழுத்து. 20 என்று எழுதிவிட்டால் 21ஆவது எடுக்கக் கூடாது. வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு அது.

கூடப் படிக்கிறவர்களின் வேலை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. சோர்வாக வருகிறது.

மாட்டும் வாரத்தில் இது எல்லோருக்கும் வரும். உங்கள் வேலையின் எல்லாக் குறைகளும் உங்களுக்குத் தெரியும், அவர்களுடையதில் முடிந்த முகம் மட்டும்தான் தெரிகிறது. அவர்களிடமே போய், “அந்த விளிம்பை எப்படிக் கொண்டுவந்தீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உங்களுக்கு இருக்கும் பெரிய சொத்து பக்கத்தில் நின்று வேலை செய்பவர்தான். ஆனால் சோர்வு வாரங்களாகியும் விடவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் அதைக் கலைஞனின் மனநிலை என்று விட்டுவிடாமல் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள்.

பெற்றோர் கண்காட்சிக்கு வருகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தபின், ஸ்கெட்ச் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் வரைந்த கையையும் இப்போது வரைந்த கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது விளங்கும். “இதை வைத்துப் பிழைக்க முடியுமா?” என்ற கேள்வி நியாயமானதுதான். அன்று மாலை மட்டும் அதைக் கேட்க வேண்டாம்.

கண்காட்சி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கழற்றும் நாளுக்கு வராமல் நழுவாதீர்கள். ஆணித் துளைகளைப் பட்டியால் அடைத்து, உப்புக் காகிதத்தால் தேய்த்து, சுவருக்கு வெள்ளை பூசிக் கொடுப்பது மாட்டியவரின் கடமை. கழற்றும் முன் ஒவ்வொரு வேலையையும் நேராக நின்று, ஒரே சீரான வெளிச்சத்தில் படமெடுத்து, அளவு, பொருள், ஆண்டு எழுதி வையுங்கள். சார்கோல் படங்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் வையுங்கள். ஆயில் படங்களுக்கு அவசரப்பட்டு வார்னிஷ் பூச வேண்டாம். மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம், தடித்ததற்கு ஒரு வருடம் அல்லது மேலும் விடுவது வழக்கம். அதுவரை தூசி படாமல், முகத்தோடு முகம் ஒட்டாமல் நிறுத்தி வைத்தால் போதும்.